எலி மருந்து, பேதி மருந்து, புற்றுநோய் நொதி

1950ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கொல்கத்தாவுக்கு வந்திருந்த ஐரீன் ஜோலியோ-கியூரி அந்நகரில் இரண்டு நிறுவனங்களைத் திறந்துவைத்தார். ஜனவரி 2ஆம் நாள் திறக்கப்பட்டது சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை. ஜனவரி 11ஆம் நாள் திறக்கப்பட்டது மேகநாத சாஹா உருவாக்கிய அணுக்கரு இயற்பியல் நிறுவனம். பின்னாளில் அது அவர் பெயரையே தாங்கிச் சாஹா நிறுவனம் ஆயிற்று. முன்னது நோயாளிகள் வந்து சேரும் இடம். பின்னதில் காலப்போக்கில் படிகவியலுக்கும் மூலக்கூறு உயிரியலுக்கும் ஒரு பிரிவு வளர்ந்தது. புரதங்களைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் செலுத்தி, அணு அணுவாக அவற்றின் வடிவைக் காணும் வேலை அங்கே நடந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை நகரப் பேருந்தில் கடந்துவிடலாம். ஆராய்ச்சியில் கடப்பதற்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் அத்தொலைவை ஒரே சொல்லில் தாண்டிவிடும் வித்தை உலகெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களுக்குக் கைவந்திருக்கிறது. அச்சொல் ‘தொடர்புடைய’ என்பது.

‘புற்றுநோய் தொடர்புடைய புரதச்சிதைப்பு நொதியின் படிக அமைப்பு.’ ஆய்விதழ்க் கட்டுரையின் தலைப்பிலும், நிதி கோரும் விண்ணப்பத்தின் முதற்பத்தியிலும், முனைவர் பட்ட ஆய்வேட்டின் அறிமுக அத்தியாயத்திலும் இத்தொடர் ஏறத்தாழ இதே உருவில் வரும். நிறுவனத்தின் செய்திக்குறிப்பில் ‘தொடர்புடைய’ உதிர்ந்து, ‘புற்றுநோய் நொதியின் அமைப்பு கண்டறியப்பட்டது’ என்றாகும். நாளிதழில் ‘நொதி’ உதிரும். அதனிடத்தில் ‘மருந்து’ வந்து அமரும். வாட்ஸ்அப்பில் எழுவாயும் பயனிலையும் தேவைப்படுவதில்லை. ‘புற்றுநோய்க்கு மருந்து, இந்திய விஞ்ஞானிகள் சாதனை’ என்பதே போதும். இப்படி நடக்கும்போதெல்லாம் ஆய்வுலகம் நாளிதழையும் வாட்ஸ்அப்பையும் குற்றஞ்சாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. இக்குற்றச்சாட்டு நியாயமற்றது. திரிபு தொடங்கும் இடம் நாளிதழ் அன்று, தலைப்பு. கடைசியில் உடைந்து விழும் பாலத்தின் முதற்கல்லே காகிதத்தால் செய்யப்பட்டிருந்தது.

இலக்கணத்திலிருந்து தொடங்குவதே முறை. எலி மருந்து எலியைக் கொல்லும். பேதி மருந்து பேதியை உண்டாக்கும். இருமல் மருந்து இருமலைத் தணிக்கும். மூன்றும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. பள்ளித் தமிழாசிரியர் ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்று சொல்லித்தரும் வகை. வேற்றுமை உருபும் மறைந்திருக்கும், அதைத் தொடர்ந்து பொருளை விளக்கும் சொல்லும் மறைந்திருக்கும். மறைந்த வினையைக் கேட்பவர் தம் உலகியல் அறிவால் நிரப்பிக்கொள்கிறார். பேதி மருந்தை இருமல் மருந்தின் வழியில் பொருள்கொண்டவர் அன்றிரவே திருந்திவிடுவார். மொழிக்கு அதனால் இடரில்லை.

‘புற்றுநோய் நொதி’ என்பதும் அதே வார்ப்புத்தான். வேறுபாடு ஒன்றே: நிரப்புவதற்கான அறிவு கேட்பவரிடம் இல்லை. புற்றுநோயை உண்டாக்கும் நொதியா? புற்றுநோயால் மிகும் நொதியா? புற்றுக்கட்டியின்கண் காணப்படும் நொதியா? புற்றுநோயைத் தடுக்கும் நொதியா? முதலாவதும் கடைசியும் ஒரே இரண்டாம் வேற்றுமை உருபைக் கொண்டு நேரெதிர் பொருள் தருகின்றன. இவ்வையத்தைத் தவிர்க்கவே ‘தொடர்புடைய’ என்னும் சொல் சேர்க்கப்படுகிறது, அது ஆய்வாளரின் அடக்கத்துக்குச் சான்று என்று வாதிடுவோர் உண்டு. அச்சொல் எதைத் தவிர்த்தது? ‘உடைய’ என்பது குறிப்புப் பெயரெச்சம். ‘செய்த’, ‘செய்கிற’, ‘செய்யும்’ ஆகியவற்றைப் போல் அது காலம் காட்டாது. யார் செய்தது, யாருக்குச் செய்தது என்னும் கேள்விகளுக்கும் விடை தராது. தொகையில் மறைந்திருந்த ஐயம் ‘தொடர்புடைய’ வந்த பிறகு மறைந்தபடியே நீடிக்கிறது. மேலுக்கு ஒரு சால்வை போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தொடரைக் கேட்டவர் மனம் நான்கு பொருளில் மிக அஞ்சத்தக்கதையே, அதாவது முதலாவதையே, எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளும் என்று எழுதியவருக்கும் தெரியும். அடக்கம் என்று இதைச் சொல்வது அடக்கத்துக்கு இழுக்கு.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை நிறுவ ஒரு நொதிக் குடும்பம் போதும்.

உடலில் உயிரணுக்களுக்கு இடையே நிரம்பியிருந்து அவற்றைத் தாங்கி நிற்கும் புரதங்களுள் முதன்மையானது கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாம் அதன் வலிமையில் நிற்பவை. அதன் வடிவைக் கண்டறிந்தது சென்னைப் பல்கலைக்கழகம்: ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைகளில், மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு அது என்று காட்டினார்கள். கிண்டியில் அடுத்த வளாகத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் கிடைத்த கங்காரு வாலின் தசைநாண் அவ்வாய்வுக்குப் பயன்பட்டது. இத்தனை வலுவான கயிற்றை உடல் தன் தேவைக்கு எப்படி அறுக்கிறது என்னும் கேள்விக்கு 1962இல் ஒரு தவளைக்குஞ்சின் வாலிலிருந்து விடை வந்தது. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் கரைந்து மறைகிறது. அதைக் கரைக்கும் நொதியை ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் ஆகிய இருவரும் இனங்கண்டார்கள். பின்னர் மனித உடலில் அதன் உறவுகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. துத்தநாக அணு ஒன்றை வெட்டுவாயில் ஏந்திய இவ்வகை நொதிகள் மனிதரில் 23 உண்டு. மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டியேஸ், சுருக்கமாக எம்.எம்.பி, என்பது குடும்பப் பெயர். காயம் ஆறுவதும், எலும்பு புதுப்பிக்கப்படுவதும், கரு தன் வடிவைப் பெறுவதும் இவற்றின் உதவியால்.

புற்றுக்கட்டி பரவ வேண்டுமாயின் சுற்றியுள்ள திசுவை அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அறுக்கும் கருவி இந்நொதிகளே என்பதும், கட்டிகளைச் சுற்றி இவை மிகுந்து காணப்படுகின்றன என்பதும் அறியப்பட்டபோது ‘புற்றுநோய் தொடர்புடைய’ என்னும் அடை இக்குடும்பத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. 1994இல் இக்குடும்பத்தின் முதற்படிக அமைப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன. அவற்றுள் ஒன்று வெள்ளணுக்கள் வெளியிடும் எம்.எம்.பி-8 நொதியினுடையது. வெட்டுவாயின் பள்ளமும் துத்தநாகத்தைப் பற்றியிருக்கும் மூன்று ஹிஸ்டிடின்களும் தெளிவாகத் தெரிந்தன. அடைத்தால் போதும் என்று தோன்றிற்று.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2003இல், ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் எம்.எம்.பி-8 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் எழுதினார்கள். அந்நொதி இல்லாத ஆண் சுண்டெலிகளுக்குத் தோல் கட்டிகள் குறையவில்லை, மிகுந்தன. குற்றவாளி என்று கருதப்பட்டது காவலாளியாக இருந்திருக்கிறது. 1994இன் படிக அமைப்பில் ஓர் அணுவும் இடம் மாறவில்லை. 2003க்கு முன்பும் பின்பும் எம்.எம்.பி-8 ‘புற்றுநோய் தொடர்புடைய நொதி’தான். தொடர்பின் திசை தலைகீழாயிற்று. அடைமொழிக்கு ஒன்றும் ஆகவில்லை. திசை முழுதும் மாறிய பிறகும் மாறாமல் பொருந்தும் சொல் எதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது? எந்தச் சான்றாலும் பொய்யாக்க முடியாத அடைமொழியை அறிவியல் தன் தலைப்பில் வைத்துக்கொள்வது வியப்புக்குரியது. ஜாதகக்காரர் ‘இவ்வாண்டு உங்கள் வாழ்வில் மாற்றம் தொடர்புடைய நிகழ்வுகள் உண்டு’ என்றால் சிரிக்கும் கூட்டம் இங்கே தலையசைக்கிறது.

சொல் சொல்லோடு நின்றிருந்தால் சிரிப்போடு விட்டுவிடலாம். 1990களில் மாரிமாஸ்டாட், பிரைனோமாஸ்டாட், டானோமாஸ்டாட் எனப் பல தடுப்பான்கள் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. மாரிமாஸ்டாட்டின் கொக்கி துத்தநாகத்தையே பற்றிக்கொள்ளும் வகையில் அமைந்தது. துத்தநாகமோ குடும்பத்தின் எல்லா உறுப்பினரிடமும் உண்டு. திருடனைத் தேடிப்போன காவலர் தெருவில் கத்தி வைத்திருந்த அனைவரையும், சமையற்காரரையும் நாவிதரையும் அறுவை மருத்துவரையும் சேர்த்து, விலங்கிட்டதற்கு ஒப்பாகும் அது. மருந்து உட்கொண்டவர்களுக்குத் தோளிலும் கைகளிலும் மூட்டுவலி வந்தது. அதனால் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த ஆயுள் நீட்டிப்பு வரவில்லை. டானோமாஸ்டாட் சோதனை 1999இல் நிறுத்தப்பட்டது: சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில், மருந்து பெற்றவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட மோசமான நிலை அடைந்தார்கள். 2002இல் சயன்ஸ் இதழில் லிசா கௌசன்ஸ், பார்பரா ஃபிங்கிள்டன், லின் மட்ரிசியன் ஆகிய மூவரும் இச்சோதனைகளை மீள்பார்வை செய்தனர். முற்றிய நோயாளிகளிடம், பல நொதிகளையும் ஒருசேர அடைக்கும் மருந்துகளை, அந்நொதிகள் ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் என்ன செய்கின்றன என்பது தெளிவாகுமுன்னரே கொடுத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் எடுத்துக்காட்டியவற்றுள் அடங்கும். இலக்கணத்தில் சொல்வதானால், வேற்றுமை உருபு தெரியாமலே வாக்கியம் முடிக்கப்பட்டது.

தோல்விக்கு ஓர் அடைமொழியே காரணம் என்று யாரும் வாதிடப்போவதில்லை. வணிக அவசரமும் முதலீட்டாளரின் பொறுமையின்மையும் சோதனை வடிவமைப்பின் பிழைகளும் இருந்தன. ஆயினும் ‘எதை, எப்போது, யாருடைய உயிரணு, யாருக்காக வெட்டுகிறது’ என்னும் கேள்விகளை எழவிடாமல் அடக்கிவைக்கும் சொல்லொன்று அத்தனை பேருக்கும் வசதியாக அமைந்தது என்பதை மறுக்கவும் இயலாது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பு இரண்டு பெயர்களை முன்வைக்கும். இரண்டும் வலுவான பெயர்கள்.

முதலாவது எச்.ஐ.வி. வைரஸின் புரதச்சிதைப்பு நொதி. அதன் படிக அமைப்பு 1989இல் வெளிவந்தது. 1995இன் இறுதியில் அதை அடைக்கும் சக்வினவிர் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆறே ஆண்டுகள். படிகவியல் மருந்தாக்கத்துக்கு வழிகாட்டியதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேடினாலும் கிடைப்பது அரிது. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் அந்நொதி வைரஸுக்கு உரியது. அதை முழுவதும் முடக்கினாலும் நோயாளியின் உடல் தனக்குரிய நொதி எதையும் இழப்பதில்லை. எம்.எம்.பி. நோயாளியின் சொந்த நொதி. அவர் காயத்தை ஆற்றுவதும் அதுவே. ‘எச்.ஐ.வி. நொதி’ என்பதில் மறைந்திருப்பது ஆறாம் வேற்றுமை: எச்.ஐ.வி.யினது நொதி. ‘புற்றுநோய் நொதி’யில் ஆறாம் வேற்றுமையை நிரப்பினால் அது பொய். புற்றுநோய்க்கென்று தனி நொதி எதுவும் இங்கே இல்லை. உடலின் நொதியை அது இரவல் வாங்கியிருக்கிறது. இரண்டு தொடர்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் முன்னதன் வெற்றி பின்னதன் கணக்கில் எழுதப்படுகிறது.

இரண்டாவது போர்டிசோமிப். உயிரணுவுக்குள் பயன் முடிந்த புரதங்களை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோம் என்னும் பெரிய நொதித்தொகுதியை அது அடைக்கிறது. 2003இல் எலும்புமஜ்ஜைப் புற்றுநோயான மயலோமாவுக்கு ஒப்புதல் பெற்றது. எத்தனையோ பேரின் ஆயுளை நீட்டியது. புரதச்சிதைப்பு நொதியை அடைத்துப் புற்றுநோயை எதிர்கொண்ட உண்மையான வெற்றி இது. இதன் வரலாற்றை யாரும் நிதி விண்ணப்பங்களில் முழுதாகச் சொல்வதில்லை. ஈஸ்ட் புரோட்டியசோமின் படிக அமைப்பு 1997இல் வந்தது. இம்மருந்தை உருவாக்கிய சிறு நிறுவனமோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, புற்றுநோயை அன்று, தசை மெலிவு நோயைக் கருத்தில் கொண்டு, ஏற்கெனவே அறியப்பட்ட தடுப்பான்களைத் திருத்தித் திருத்தி மூலக்கூறைச் செதுக்கத் தொடங்கியிருந்தது. போர்டிசோமிப் புரோட்டியசோமைப் பற்றியிருக்கும் படிக அமைப்பு வெளிவந்தது 2006இல், மருந்துக்கடைக்கு மருந்து வந்து மூன்றாண்டுகள் கழித்து. பூட்டின் படம் கிடைக்குமுன்னரே சாவி திறந்துவிட்டிருந்தது. பின்னர் கிடைத்த படம் ஏன் திறந்தது என்பதை விளக்கியது. அவ்விளக்கம் மிகப் பெரிது. அதைப் பெரிதென்று சொல்வதற்கு அதுவே சாவியைச் செய்தது என்று கதைக்க வேண்டியதில்லை.

பூட்டு-சாவி உவமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. படிக அமைப்பைக் காண்பதற்கு நொதியை அசையாமல் நிறுத்த வேண்டும். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே தோரணையில் அணிவகுத்து நின்றால்தான் எக்ஸ் கதிர் ஒழுங்காகச் சிதறும். பெரும்பாலும் மைனஸ் 173 டிகிரி செல்சியஸ் அளவில் உறையவைத்து அளக்கிறார்கள். வெட்டும் நொதி தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமலிருக்க வாயில் ஒரு தடுப்பானைத் திணிக்கிறார்கள், அல்லது வெட்டுவதற்கு இன்றியமையாத அமினோ அமிலத்தை மாற்றிவிடுகிறார்கள். கத்தியைப் படமெடுக்கக் கத்தியை மழுங்கடிப்பது இங்கே நிபந்தனை. இது குறை அன்று, கருவியின் இயல்பு. இவ்வியல்பை அறிந்தவருக்குத்தான் படிகம் தரும் உண்மையான பரிசு கைக்கு வரும். அப்பரிசு பெரும்பாலும் விடையாக வருவதில்லை.

கொலாஜனையே எடுத்துக்கொள்ளலாம். ராமச்சந்திரன் காட்டிய மூவிழைக் கயிற்றின் குறுக்களவு சுமார் 15 ஆங்ஸ்ட்ராம். ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. கொலாஜனை வெட்டும் எம்.எம்.பி.யின் படிக அமைப்பில் வெட்டுவாயின் அகலம் சுமார் 5 ஆங்ஸ்ட்ராம். கயிறு வாய்க்குள் நுழையாது! இரண்டு படிக அமைப்புகளும் சரி; இரண்டையும் சேர்த்தால் உயிர் வாழ்வது சாத்தியமில்லை. வால் கரையாத தலைப்பிரட்டைகளே குளம் நிறைய இருந்திருக்க வேண்டும். சாவி பூட்டில் நுழையவில்லை என்னும் இப்பொருத்தமின்மைதான் அத்துறையின் மிக வளமான கேள்வியாயிற்று. 2004இல் நொதி முதலில் கயிற்றின் முறுக்கைத் தளர்த்தி, பின்னரே இழையை வெட்டுகிறது என்று சோதனைகள் காட்டின. 2012இல் வெட்டும் ஆற்றல் நீக்கப்பட்ட எம்.எம்.பி-1, கொலாஜன் துண்டோடு சேர்ந்த நிலையில் படிகமாயிற்று. அதிலும் கயிறு தளராமலே இருந்தது. நொதி அதைப் பற்றியிருந்தது, வெட்ட வேண்டிய இடம் வெட்டுவாய்க்குள் வந்து சேரவில்லை. கேள்வி மீண்டும் கூர்மைப்பட்டது. அரை நூற்றாண்டாக நடக்கும் இவ்வுரையாடல் ‘புற்றுநோய்’ என்னும் சொல் இல்லாமலே ஒருவரை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்யப் போதுமானது. அச்சொல்லை ஒட்டியவுடன் அதன் அழகு மறைகிறது. ‘மருந்து எப்போது வரும்’ என்னும் ஒற்றைக் கேள்வி எஞ்சுகிறது.

கொல்கத்தாவுக்குத் திரும்பினால், வேறு விதமாக எழுத முடியும் என்பதற்குச் சான்று சாஹா நிறுவனத்திலேயே கிடைக்கிறது. நந்தியாவட்டைச் செடியைத் தமிழகத்தில் கோயில் நந்தவனங்களில் காணலாம். வங்காளத்தில் அதற்கு டொகொர் என்று பெயர், அங்கும் பூசைக்குப் பறிப்பார்கள். காம்பைக் கிள்ளினால் வரும் பாலில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. வாராணசியில் பிரித்தெடுக்கப்பட்ட இவற்றுக்கு எர்வட்டமின் என்று பெயர். பப்பாளிப் பாலிலுள்ள பப்பைனுக்கு இவை நெருங்கிய உறவு. இறைச்சி வேகப் பப்பாளிக்காய் சேர்க்கும் சமையற்காரர்கள் அக்குடும்பத்தை நூற்றாண்டுகளாக அறிவார்கள். ஜே.கே. தத்தகுப்தாவின் குழுவினர் சாஹா நிறுவனத்தில் இந்நொதிகளின் படிக அமைப்புகளைத் தீர்த்தார்கள். எர்வட்டமின் பி-யின் அமைப்பு 2003இல் 1.63 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளிவந்தது. எர்வட்டமின் சி அடுத்த ஆண்டு.

2003ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பு மொழி பயில்வோர் கவனிக்கத்தக்கது. அந்நொதியின் அமினோ அமில வரிசை அப்போது முழுதாக அறியப்படவில்லை. படிகத்தில் கண்ட எலக்ட்ரான் அடர்த்தியின் வடிவைப் பார்த்து, இங்கே இந்த அமினோ அமிலம் இருக்க வேண்டும் என்று குழுவினர் ஊகித்துச் சென்றார்கள். ஆகவே தலைப்பின் முதற்சொல்லே ‘முன்மொழியப்படும்’ என்று அமைந்தது: முன்மொழியப்படும் அமினோ அமில வரிசையும் 1.63 ஆங்ஸ்ட்ராம் படிக அமைப்பும். கண்டது எது, கருதியது எது என்று தலைப்பே பிரித்துக் காட்டுகிறது. நொதியின் நிலைப்பும், எதை வெட்டும் எதை வெட்டாது என்னும் தேர்வும் பற்றி ‘சில’ தெளிவுகள் கிடைத்தன என்பதோடு அது நிற்கிறது. நோயின் பெயர் இல்லை.

வைத்திருக்க முடியாதா? தாராளமாக முடியும். கட்டிகளைச் சுற்றி மிகுந்து காணப்படும் கதெப்சின் பி-யும் கதெப்சின் எல்-உம் இதே பப்பைன் குடும்பத்தைச் சேர்ந்தவை. எர்வட்டமின் பப்பைனை ஒத்தது, பப்பைன் கதெப்சினை ஒத்தது, கதெப்சின் புற்றுநோய் தொடர்புடையது. ஆகவே நந்தியாவட்டையும் புற்றுநோய் தொடர்புடையது. மூன்றே தாவல்கள். இன்றைய வழக்கில் இது மிகையன்று. இதைவிட நீண்ட தாவல்களும் அச்சேறியிருக்கின்றன. அதே குடும்பத்தின் கதெப்சின் கே, எலும்பைக் கரைப்பதால் எலும்புமெலிவு நோய்க்கு இலக்காயிற்று. அதை அடைக்கும் ஒடனகாடிப் என்னும் மருந்து, பக்கவாத அபாயம் மிகுவது தெரிந்ததால், 2016இல் கைவிடப்பட்டது. உடலின் சொந்த நொதியில் கைவைப்பது எத்தகைய வேலை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

‘நோயின் பெயர் இல்லாவிட்டால் யார் பணம் தருவார்?’ என்பதே இறுதி எதிர்வாதம். உண்மையில் அதுவே முதலாவதும். ஆய்வு மாணவர்களிடம் இது அறிவுரையாகவே சொல்லப்படுகிறது: முதற்பத்தியில் ஒரு நோய் இருக்கட்டும். மாணவரும் எழுதுகிறார். நான்காண்டுகள் படிகம் வளராமல் தவித்தவர், கடைசியில் வளர்ந்த படிகத்தைப் பற்றி ஆய்வேட்டில் எழுதும் முதல் வாக்கியம் அவர் ஒருநாளும் ஆராயாத ஒன்றைப் பற்றியதாக இருக்கிறது. பொய் என்று அதைச் சொல்ல முடியாது. ‘தொடர்புடைய’ என்றுதானே எழுதினார்.

இவ்வறிவுரை தருபவர்கள் கொல்கத்தாவின் பௌபஜார் தெருவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1876இல் அங்கே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவிய மகேந்திரலால் சர்க்கார் ஒரு மருத்துவர். நோயாளிகளைப் பார்த்து வாழ்ந்தவர் தாம் தொடங்கிய நிறுவனத்தின் வாசலில் எந்த நோயின் பெயரையும் எழுதவில்லை. பணத்துக்கு அவர் கதவு கதவாக ஏறியிறங்கினார். அப்போதும் அறிவியலுக்காகவே கேட்டார். அங்கே ராமனின் குழுவில் பணியாற்றிய கேதாரேஸ்வர் பானர்ஜி நாப்தலீன், ஆந்த்ரசீன் படிகங்களின் அமைப்பைத் தீர்த்தார். நாப்தலீன் என்றால் துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை. வத்திராயிருப்பில் பிறந்து அங்கு சென்ற கே.எஸ். கிருஷ்ணன் படிகங்களின் காந்தப் பண்பை அளந்தார். அதைக் கொண்டு மூலக்கூறு படிகத்துள் எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்று கணிக்கும் வழியை 1936இல் லண்டனின் காத்லீன் லான்ஸ்டேலுடன் சேர்ந்து எழுதினார். அந்துருண்டையை எந்த நோயோடும் தொடர்புபடுத்த அவர்களுக்குத் தோன்றவில்லை. இந்தியாவில் படிகவியல் வேர்விட்டது இத்தகைய வேலையில்தான்.

காலம் மாறிவிட்டது, நிதியமைப்பு மாறிவிட்டது என்பது மெய். அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1950இல் திறக்கப்பட்ட அம்மருத்துவமனை இன்று சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம். 2022 ஜனவரியில் நியூ டவுனில் அதற்கு இரண்டாம் வளாகமும் திறக்கப்பட்டது. இத்தகைய மருத்துவமனைகளின் வெளிநோயாளர் வரிசையில் நிற்பவர்கள் நாளிதழ் படிப்பவர்கள். கைப்பேசியில் வந்ததை மருத்துவரிடம் காட்டி ‘இந்த மருந்து எப்போது வரும்’ என்று கேட்பவர்கள். புற்றுநோய் மருத்துவர் எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். தலைப்பு எழுதியவர் அவ்வரிசையில் நின்று பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர், ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கும் பணியிடை மருத்துவர்.

‘தொடர்புடைய’ என்பதற்கு மாற்று என்ன என்று கேட்பது நியாயம். மாற்றுச் சொல் தேவையில்லை. மறைந்த உருபையும் வினையையும் வெளியே கொண்டுவந்தால் போதும். எம்.எம்.பி-8 பற்றி எழுதுவோர் ‘புற்றுநோய் தொடர்புடைய’ என்னும் இரு சொற்களை அடித்துவிட்டு இப்படி எழுதலாம்: ‘வெள்ளணுக்கள் வெளியிடும், கொலாஜனை வெட்டும் நொதி, இதன் மரபணு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளுக்குத் தோல் கட்டிகள் மிகுதியாக வந்தன.’ கதெப்சின் எல் பற்றி: ‘உயிரணுவின் கழிவறையில் புரதங்களைச் சிதைக்கும் நொதி, சில வகைக் கட்டிகளில் இயல்பைவிட மிகுந்து காணப்படுகிறது.’ எர்வட்டமின் பற்றி: ‘நந்தியாவட்டைப் பாலில் உள்ள, வெப்பம் தாங்கும் நொதி.’ முதலிரண்டும் நீளமானவை, தலைப்புக்குள் அடங்கமாட்டா. நாளிதழ் அவற்றை வெட்டத்தான் செய்யும். ஆனால் ‘சுண்டெலிகளுக்கு’ என்னும் சொல்லை வெட்டுவதற்கு உதவி ஆசிரியர் கொஞ்சம் தயங்குவார்.